கோபால்ட்டும் கயலின் நொட்டாங்கையும்

1

“…வேற எதுவா இருந்தாலும் அனுசரிச்சுப் போயிருவனுங்க, ஆனா நொட்டாங்கையில நீட்டுற காப்பிய மட்டும் நம்மளால வாங்க முடியாதுங்க,” என்று சொல்லி முடித்தார் மயிலாத்தாள் அம்மா.

வளைகுடா நாட்டில், சத்வா என்ற பகுதியில் எங்கள் ஃப்ளாட்டின் ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் மகள் கயல்விழி இடது கையால் நீட்டிய டம்ளர் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. மயிலாத்தாள் அம்மா பொள்ளாச்சிப் பக்கம். மகன் செந்திலோடு இருந்துவிட்டுப் போக விசிட் விசாவில் ஷார்ஜா வந்திருக்கிறார். வந்த இடத்தில் பெண் பார்க்கவும் வந்தார். பெண் என்றால் என் பெண்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கயலும் செந்திலும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள், அவர்களுக்குள். “எங்கம்மா சரின்னா சரி” என்பது செந்திலின் கட்சி. “இவன் இல்லன்னா வேற யாரையும் கொண்டுவராதீங்கப்பா” என்பது கயலின் கட்சி. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் என் மனைவி வசந்தா முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறாள். ஆக மொத்தம் ஒரு கல்யாணம் அந்த டம்ளருக்குள் நுரைத்துக்கொண்டிருந்தது.

செந்தில் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். சுவரில் இருந்த ஏசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டடம் கட்டும் கம்பெனியில் சைட் எஞ்சினியர். அம்மா பேசும்போது ஏசியைப் பார்ப்பது அவனுடைய வழக்கம் என்று கயல் முன்பே சொல்லியிருந்தாள்.

2

நொட்டாங்கை, பீச்சாங்கை, இடக்கை. ஒரே கைக்கு எத்தனை பேர், பாருங்கள். வலது கைக்குச் சோத்தாங்கை என்று ஒரு கௌரவமான பட்டம். எங்கள் கம்பெனி டிரைவர் குல் கான் பெஷாவர்க்காரர், இடது பக்கம் திரும்பச் சொன்னால் “உல்டா ஹாத்?” என்று கேட்பார். உல்டா என்றால் தலைகீழ். எந்த ஊர்க்காரனும் இந்தக் கைக்கு ஒரு நல்ல வார்த்தை மிச்சம் வைக்கவில்லை.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் என் தங்கை சுமதிக்கு இடது கைதான். அப்பாவின் ஆபீசிலிருந்து ஒரு மேலதிகாரி சாப்பிட வந்தார். அம்மா அடுப்படியில் இருந்த சமயம் பார்த்து, இந்தப் பெண் ஆசையாக ஓடிப்போய் இடது கையால் ரசக் கரண்டியைப் பிடித்து அவர் இலையில் ஊற்றிவிட்டாள். மனுஷன் இலையின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறைத்தார், இலைக்கு மானம் போய்விட்ட மாதிரி. மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் சுமதியின் இடது கையைத் தாவணித் தலைப்போடு சேர்த்து இடுப்பில் கட்டிவிடுவாள் அம்மா. சுமதி இன்றைக்கும் வலது கையால்தான் எழுதுகிறாள். அவள் எழுதும் வாட்ஸப்பைவிட அவள் எழுதும் பொங்கல் வாழ்த்து அட்டையைப் படிப்பது கடினம்.

இங்கே வந்தால் தப்பித்தோம் என்றா நினைக்கிறீர்கள்? நான் தேராவில் ஏசி உதிரிபாகக் கடையில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்த புதிதில், எங்கள் கஃபீலின், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியின் வீட்டில் விருந்தாளிகள் கூடியிருந்தபோது ஒரு ஃபைலோடு உள்ளே போனேன். கஹ்வா, அதாவது அரபிக் காபி, கொண்டுவந்தார்கள். வலது கையில் ஃபைல் இருந்ததால் இடது கையை நீட்டினேன். ஊற்றுகிறவர் நின்றுவிட்டார். பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அந்த ரசக் கரண்டி ஞாபகம் வந்தது.

வெளியே வந்ததும் எங்கள் மேனேஜர் குஞ்ஞுமோன் சேட்டன் என்னை ஓரமாக இழுத்தார். “எடோ, இனிமே கையில ஃபைல் இருந்தா அத வாயில கவ்விக்கோ. கப்ப மட்டும் வலது கையில வாங்கு. இந்த ஊர்ல பாஸ்போர்ட் போனா வேற வாங்கலாம், மரியாத போனா வாங்க முடியாது,” என்றார். இப்படிப்பட்ட வசனங்களுக்காகவே அவரோடு எத்தனையோ வருஷம் சம்பள உயர்வு கேட்காமல் வேலை பார்த்தேன்.

ஆனால் அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். கஹ்வா ஊற்றுகிறவர் கூஜாவை இடது கையில்தான் பிடித்திருந்தார். கோப்பையைக் கொடுப்பது வலது கை. கொதிக்கும் கூஜாவின் கனத்தைத் தாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவது இடது கை. கஷ்டமான வேலையெல்லாம் இதற்கு, நல்ல பெயரெல்லாம் அதற்கு. எங்கள் ஸ்டோரிலும் அப்படித்தான் நடக்கும்.

அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது கைரேகை எடுக்கும் பெண் “லெஃப்ட் ஹேண்ட், பிளீஸ்” என்றாள். எனக்குக் கேட்டது சரிதானா என்று திரும்பக் கேட்டேன். பொறுமையாக மறுபடி சொன்னாள். என் இடது கையை யாரோ பிளீஸ் போட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். பெருமையோடு கண்ணாடிமேல் வைத்தேன். “யல்லா, இவ்வளவு அழுத்தாதே,” என்றாள்.

3

கயல் இங்கேயே பிறந்தவள். தவழும்போதே எதையும் இடது கையால்தான் பிடுங்குவாள். வசந்தா பென்சிலை வலது கைக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எல்கேஜி டீச்சர் கூப்பிட்டு, குழந்தையை அப்படிப் படுத்தக்கூடாது என்று இங்கிலீஷில் கண்டித்தார். இங்கிலீஷில் கண்டித்ததால் வசந்தா கேட்டுக்கொண்டாள். அதோடு கலாஸ், முடிந்தது. கயல் இடது கையால் எழுதினாள், இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாம்பார் சாதம் சாப்பிட்டாள். ஊருக்கு லீவில் போகும்போது மட்டும் “கொழந்தைக்குக் கையில புண்ணு” என்று நாங்கள் பந்தியில் சொல்லிச் சமாளித்தோம். எல்லா லீவிலும் புண். என் மாமனார் கடைசியில் தோல் டாக்டரிடம் காட்டலாம் என்று கிளம்பிவிட்டார்.

இப்போது அவள் இந்தியப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறாள். பாடத்தை முதலில் வீட்டில் என்னிடம் நடத்திப் பார்ப்பாள். நான் பி.காம். எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்பது அவள் கணக்கு. அப்படி ஓசியில் படித்ததுதான் நான் சொல்லப்போகும் கதை. பிழை இருந்தால் மாணவனுடையது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு பத்து வருஷம் போயிருக்கும். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று உலகத்துப் பெரிய மூளையெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம். அவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது. இயற்கைக்கு இடது, வலது என்ற பேதம் இல்லை. எது நடந்தாலும், அதைக் கண்ணாடியில் பார்த்தால் தெரிகிற மாதிரியும் நடக்க முடியும். ஆப்பிள் விழுவதில் பார்த்தார்கள், சரி. காந்தத்தில், மின்சாரத்தில் பார்த்தார்கள், சரி. ஆகவே எல்லாவற்றிலும் சரி என்று வைத்துக்கொண்டார்கள்.

அப்போது இரண்டு இளவட்டங்கள், காகிதத்தில் கணக்குப் போடும் ஆட்கள், பழைய ஆய்வுகளையெல்லாம் புரட்டினார்கள். சில அணுக்கள் தானாக உடைந்து எலெக்ட்ரானைத் துப்புகின்றனவே, அந்த வகையில் மட்டும் இந்த இடது வலதை யாராவது சோதித்தார்களா என்று தேடினார்கள். ஒருத்தரும் சோதிக்கவில்லை! எல்லோரும் நம்பினார்கள், அவ்வளவுதான். ஒரு பெரிய மேதை, கடவுள் இடது கைப்பழக்கக்காரராக இருப்பார் என்று தன்னால் நம்ப முடியாது என்று கடிதமே எழுதினாராம். மேதைக்கும் என் அப்பாவின் மேலதிகாரிக்கும் இந்த இடத்தில் வித்தியாசம் இல்லை.

சோதித்துக் காட்டியது ஓர் அம்மாள். சீனாவிலிருந்து படிக்கவென்று அமெரிக்கா போய், அங்கேயே தங்கிவிட்டவர். நம்மை மாதிரிதான். இருபது வருஷம் ஊர்ப்பக்கம் போகாமல், கடைசியில் புருஷனோடு கிழக்கே போகக் கப்பலில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்போது பார்த்து இந்தக் கேள்வி வந்தது. வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று டிக்கெட்டை ரத்து செய்து புருஷனை மட்டும் கப்பலேற்றிவிட்டார். நான் இந்தக் கதையைத் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, சோதனைக்கு யாரும் அசையவில்லை, “ஊர் லீவ கேன்சல் பண்ணுச்சா?” என்று ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கோபால்ட் என்ற உலோகத்தை எடுத்து, அதற்கு மேல் குளிர்விக்கவே முடியாது என்கிற எல்லைக்குக் கிட்டத்தட்ட குளிர வைத்தார். ஏசிக் கடையில் இருக்கிற எனக்கே கேட்டால் பல் கிட்டுகிறது. சூடு இருந்தால் அணுக்கள் தறிகெட்டு ஆடும். குளிர்ந்தால்தான் காந்தம் சொன்னபடி எல்லாம் ஒரே திசையில் பம்பரமாகச் சுற்றும். சுற்றும்போது துப்புகிற எலெக்ட்ரான் மேலும் கீழும் சமமாகப் போக வேண்டும். போகவில்லை. ஒரு பக்கமே கூடுதலாகப் போனது. காந்தத்தைத் திருப்பிப் போட்டார்கள். எலெக்ட்ரானும் பக்கம் மாறியது. அது எந்தப் பக்கம் தெரியுமா? பம்பரம் சுற்றும் திசையில் இடது கை விரல்களை மடக்கிப் பிடித்தால் கட்டைவிரல் எந்தப் பக்கம் காட்டுமோ, அந்தப் பக்கம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வலது கைப் பக்கமாக, அது நடப்பதே இல்லை.

கயல் இதை எனக்கு நடத்தியபோது தன் இடது கையை மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் சும்மா இருப்பேனா? முடி வெட்டும் கீழக்கரை பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தரியை நிறுத்தினார். “அப்ப நான் இத்தன வருஷமா கஸ்டமருக்குக் காட்டுற கண்ணாடி பொய் சொல்லுதுங்கறீங்களா சார்?” என்றார். பிறகு, “எதுக்கும் தலைய ஆட்டாம சொல்லுங்க,” என்றார்.

4

மயிலாத்தாள் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றதும் வசந்தா போட்ட முதல் திட்டம் கட்டு. துணிக் கட்டு.

“இடது கையில கட்டு போட்டுட்டா மறந்துபோய்க்கூட அந்தக் கைய நீட்ட மாட்டா,” என்றாள்.

“அப்படின்னா வலது கையால கொடுக்கணும், அவளுக்கு வராதே,” என்றேன் நான். “வலது கையில கட்டு போடு. அப்ப இடது கையால கொடுத்தா நியாயமாப் போயிடும். பாவம், அடிபட்ட பொண்ணுன்னு நினைப்பாங்க.”

“குங்குமம் குடுப்பாங்க, பூ குடுப்பாங்க, அத இடது கையாலயா வாங்குவா? உங்க கோபால்ட்டுக்கு வேணா அது சரி.”

“அப்ப ரெண்டு கையிலயும் போட்டுடு.”

“ரெண்டு கையிலயும் கட்டு போட்ட பொண்ண யாருங்க கட்டுவாங்க?”

இந்த விவாதத்தில் நாங்கள் இருவரும் உண்மையாகவே குரலை உயர்த்தினோம். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த தம்பதி, மகளின் எந்தக் கையைக் காயப்படுத்தலாம் என்று சண்டை போடுவதைப் பக்கத்து ஃப்ளாட் பிலிப்பினோக்காரி கேட்டால் போலீசுக்குப் போன் செய்திருப்பாள். நல்லவேளை, தமிழில் போட்டோம்.

முடிவாக ஒத்திகை பார்க்கலாம் என்றேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வலது கையால் எனக்குக் கொடுக்கச் சொன்னேன். கயல் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். என் வேட்டி நனைந்தது. மறுபடி கொடுத்தாள். சோபா நனைந்தது. அந்த வலது கை நடுங்குகிறது என்று சொல்ல முடியாது. அதற்கு டம்ளர் என்றால் என்னவென்றே தெரியவில்லை, அவ்வளவுதான்.

கயல் சிரிப்பதை நிறுத்தினாள். “அப்பா, கட்டெல்லாம் வேணாம். கட்டு போட்டுக் கல்யாணம் பண்ணிட்டா அப்புறம் எப்ப அவுக்கறது? லைஃப் ஃபுல்லா புண்ணா?”

நான் நனைந்த வேட்டியைப் பிழிந்தேன். கயல் விடவில்லை.

“அவங்களுக்குப் பிடிக்காதுன்னு யார் சொன்னா? நீங்க கேட்டீங்களா? செந்தில் கேட்டானா? யாருமே டெஸ்ட் பண்ணல. சும்மா அஸ்யூம் பண்றீங்க. அந்தக் காலத்து ஃபிசிசிஸ்ட் மாதிரியே இருக்கீங்க ரெண்டு பேரும்.”

என்னை அந்தப் பெரிய ஆட்களோடு சேர்த்து ஒருவர் பேசியது அதுவே முதல் முறை. அந்தப் பெருமையில் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். வசந்தா என்னைப் பார்த்த பார்வையில் கோபால்ட் இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

5

ஆக, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சோதனை நடந்தது. முடிவு உங்களுக்குத் தெரியும். “நம்மளால வாங்க முடியாதுங்க.” எங்கள் பயம் முழுக்க முழுக்கச் சரி. இப்படியும் சோதனைகள் முடிவதுண்டு என்று கயல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாளா தெரியவில்லை.

அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, மாற்றவும் இல்லை. டம்ளர் அப்படியே நின்றது. கழுத்துப் பக்கம் மட்டும் சிவந்துவிட்டது. நான் அப்பன், என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். திறந்தால் எனக்கு என்ன வரும்? கோபால்ட் வந்தது.

“சம்பந்தியம்மா, இயற்கையே இடது கைதாங்க,” என்று ஆரம்பித்தேன். கண்ணாடியைச் சொன்னேன். அந்தச் சீனத்து அம்மாளையும் கப்பலையும் சொன்னேன். காந்தத்தைச் சொன்னேன். பம்பரத்தை எழுந்து நின்று சுற்றியே காட்டினேன். வசந்தா “போதும்ங்க” என்றாள். செந்தில் ஏசியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். ஏசியே தேவலை என்பதுபோல மறுபடி ஏசிக்குப் போனான். டீப்பாயின் மேல் தட்டில் இருந்த மற்ற காபிகளில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது.

மயிலாத்தாள் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். “அந்த அம்மிணி புருசனத் தனியாவா கப்பலேத்தி உட்டுச்சு?”

“ஆமாங்க.”

“ஊருக்குப் போவோணும்னு ஆசையே இல்லீங்களா?”

“இருந்திருக்கும்ங்க. ஆனா தன் கையால பாத்துத் தெரிஞ்சுக்காம போக மனசு வரல.”

“ம்,” என்றார். செந்திலை ஒரு பார்வை பார்த்தார். வேலை, சைட், டெட்லைன் என்று தொடர்ந்து தீபாவளிக்கு ஊருக்கு வராத மகன் அவன். “நம்மூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க, லீவ கேன்சல் பண்ணுறது. அது எதையும் கண்டுபுடிக்கிலீங்க.”

செந்தில் ஏசியிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்தான்.

கயல் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அத்தை, வலது கையாலயும் குடுக்கறேன். ஆனா கொட்டும். அப்பாகிட்ட குடுத்துப் பாத்தேன், கொட்டிடுச்சு. உங்ககிட்ட மறைச்சுக் கட்டு போட்டுக்கச் சொன்னாங்க, நான்தான் மாட்டேன்னுட்டேன்.”

வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தக் கப்பல் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

“கட்டா?” என்றார் மயிலாத்தாள் அம்மா. “எந்தக் கையில?”

“அதுல ரெண்டு பேருக்கும் சண்டை, அத்தை.”

அந்த அம்மாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று சொல்வதற்குள் அடங்கிவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சேலைக் கொசுவத்தை முழங்காலுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கி, வலது கையை நீட்டினார். “கொட்டுனா கொட்டட்டும் கண்ணு. சோத்தாங்கையில குடு, பாக்கலாம்.”

கயல் டம்ளரைக் கை மாற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக நீட்டினாள். அந்த அம்மாவின் விரல்வரை வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்ததே என்று நான் மனசுக்குள் கைதட்டப் போனேன். டம்ளர் கவிழ்ந்தது. உள்ளங்கை, வளையல், மணிக்கட்டு, முழங்கை வரை காபி. என் விளக்கவுரையில் அது நன்றாக ஆறிப்போயிருந்ததால் யாருக்கும் சுடவில்லை. இயற்பியலால் அன்றைக்கு நேர்ந்த ஒரே நேரடி நன்மை.

“ஐயோ!” என்று துண்டை எடுக்க ஓடினாள் வசந்தா.

“இருங்க,” என்றார் மயிலாத்தாள் அம்மா. அதட்டல் இல்லை, ஆனால் வசந்தா நின்றுவிட்டாள். “கண்ணு, தட்டுல இன்னொன்னு இருக்குதல்லோ? அத அந்தக் கையில எடு.”

கயல் அடுத்த டம்ளரை இடது கையால் எடுத்தாள். விளிம்புவரை இருந்த காபி. எடுத்த இடத்திலிருந்து நீட்டிய இடம்வரை மேலே படர்ந்திருந்த ஆடைகூட அசையவில்லை. நீட்டிக்கொண்டு நின்றாள். “வாங்கிக்கோங்க” என்று சொல்லவில்லை.  நான்கூடக் கோபால்ட்டை எடுக்கவில்லை.

மயிலாத்தாள் அம்மா தன் வலது கையைப் பார்த்தார். வளையல்களிலிருந்து காபி சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினார். அண்ணாந்து ஊற்றினார். பழக்கமில்லாத கை, பாதி வாய்க்குள் போனது, பாதி மோவாயில் வழிந்தது. புறங்கையால் மோவாயைத் துடைத்துவிட்டு, காலி டம்ளரை அதே கையால் என் மகளிடம் நீட்டினார்.